சரி சார், பாத்துக்கிறேன்

இதை இடது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வலது கை மடியில் சும்மா கிடக்கிறது. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப் பொழுது முழுசாகப் போய்விடுகிறது. அதனால் சுருக்கமாக எழுதுவான் என்று நினைத்துவிடாதீர்கள், ஏழு மாதப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒருத்தனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அது நேரத்துக்கு வாயில் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஜமாலுதீன். வயது நாற்பத்தாறு. சிதம்பரத்தில் வாடகை வீடு. மனைவி ரஹ்மத் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறாள். ஒரே மகள் சுமையா, ஐந்தாம் வகுப்பு. நான் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பதினாறு வருஷம் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். பம்ப், மோட்டார், வால்வு, பைப் எல்லாம் என் பொறுப்பு. காலை எட்டு மணிக்கு கேட்டில் விரல் வைத்து உள்ளே போய், ஐந்து மணிக்கு விரல் வைத்து வெளியே வர வேண்டும். அதற்கு மேல் போன் டூட்டி. அதற்கு விரல் வைக்கிற மெஷினை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

என்னிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. பிளான்ட்டில் பம்ப் தகராறு செய்தால் பையன்கள் எனக்கு போன் போடுவார்கள். "போன பம்ப் மேல வையிடா" என்பேன். வைப்பார்கள். சிதம்பரத்தில் பாயில் படுத்தபடியே செம்மங்குப்பத்து பம்புக்கு நாடி பிடிப்பேன். பேரிங் போச்சா, காற்று புகுந்துவிட்டதா, போல்ட் லூஸா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். மேனேஜர் இதை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டுவார். எனக்குத் தலைகால் புரியாது.

எனக்குக் கீழே வேலை பார்த்தவன் தண்டபாணி. அண்ணாகிராமத்துக்காரன், வீட்டில் முந்திரியும் பலாவும் உண்டு. நல்ல வேலைக்காரன். அவன் என்னிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். "பாய், இதெல்லாம் லாக் புக்குல எழுதி வச்சிட்டா உங்கள ராத்திரியில எழுப்ப வேணாம் இல்ல?"

"எழுதி வச்சிட்டா அப்புறம் நான் எதுக்குடா?" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். கம்பெனியைக் குறை சொல்லும் முன் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கயிற்றின் ஒரு முனையை நானே என் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

போன் அடித்தால் மூன்றாவது மணிக்குள் எடுப்பேன். மேனேஜர் என்ன சொன்னாலும் எனக்கு ஒரே பதில்தான். "சரி சார், பாத்துக்கிறேன்." ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னேன் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். சுமையா சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொப்பு சாமானை காதில் வைத்துக்கொண்டு "சலி சால், பாத்துக்கிலேன்" என்று விளையாடுவாள். வீடே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன்.

சம்பவம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. புவனகிரியில் ரஹ்மத்தின் சின்னம்மா மகளுக்கு நிக்காஹ். முந்தைய இரண்டு ராத்திரியும் எனக்குச் சரியான தூக்கமில்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது, வாங்க மறந்துவிட்டேன். பகல் ஒன்றரை மணிக்கு பந்தியில் உட்கார்ந்தோம். எங்களில் நாலு பேர் ஒரே சஹனை, பெரிய தாம்பாளத்தை, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். கூட இருப்பவர்கள் முடிக்கும் முன் ஒருத்தன் எழுந்திருப்பது மரியாதை இல்லை. நாலு வாய்தான் வைத்திருப்பேன், போன் அடித்தது. எழுந்துவிட்டேன்.

"போறாரு பாரு கலெக்டரு" என்று ரஹ்மத்தின் அண்ணன் முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

தண்டபாணிதான் பேசினான். பிளான்ட்டை ஆறவைக்கும் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப் நின்றுவிட்டது, ஸ்டார்ட் செய்தால் திரும்பத் திரும்ப டிரிப் ஆகிறது. நான் மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் போய் நின்றேன். வலது கையில் பிரியாணி நெய் காய்ந்துகொண்டிருந்தது, போன் இடது கையில். இந்த வால்வை மூடு, காற்றை வெளியேற்றும் அந்தச் சின்னத் திருகைத் திற என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் வலது கை மரத்தது. கை கழுவாததால் விறைக்கிறது என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"பாய், சிக்னல் சரியில்ல. வார்த்த ஒட்டுது. கொஞ்சம் வெளிய வாங்க."

நான் வெளியேதான் நின்றேன். ரோட்டுக்கே போனேன். மறுபடி சொன்னேன்.

"இன்னாது? கொழகொழன்னு கேக்குது பாய். இந்த புவனகிரியில எப்பவும் இப்பிடித்தான் சிக்னலு."

நானும் சிக்னலைத்தான் திட்டினேன். நாக்கு தடித்தது என் காதுக்கே கேட்டது, ஆனால் பம்ப் ஓடும் சத்தம் கேட்காமல் போனை வைக்க மனசு வரவில்லை. கடைசியில் அவனே எதையோ சரி செய்து போனை பம்ப் மேல் வைத்தான். உய்ய்யென்று சீராக ஓடியது. நல்ல சத்தம். இரண்டே காலுக்குப் போனை வைத்துவிட்டு குழாயடிக்குப் போனேன். வலது கையால் குழாயைத் திருக முடியவில்லை. இடது கையால் திருகிக் கழுவிக்கொண்டேன்.

ரஹ்மத்திடம் கையை ஆட்டி, தலையைத் தொட்டுக் காட்டினேன். தலைசுற்றல் என்று புரிந்துகொண்டாள். ஆட்டோ பிடித்து சிதம்பரம் வந்தோம். நான் வாயே திறக்கவில்லை, எரிச்சலில் இருக்கிறேன் என்று அவளும் விட்டுவிட்டாள். வந்ததும் படுத்தேன். அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டேனாம். அப்போது மறுபடி போன் அடித்திருக்கிறது. நான் அசையவில்லை. ரஹ்மத் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். ரெண்டு நாள் தூங்காத மனுஷன், ஒரு நாளாவது தூங்கட்டும் என்று போனை எடுத்துப்போய் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவள் என் போனில் கை வைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

சாயங்காலம் ஆறரைக்கு தண்டபாணி வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். அண்ணாகிராமம் ஒரு திசை, சிதம்பரம் ஒரு திசை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிறான்.

"யக்கா, பாய் எங்க? ஒம்போது தடவ போன் போட்டேன். பாய் போன் எடுக்கலன்னா ஏதோ ஆயிருக்குன்னு அர்த்தம். மத்தியானம் பேசும்போதே வாய் ஒரு மாதிரி இருந்திச்சி."

ரஹ்மத் ஓடிவந்து என்னை உலுக்கினாள். கண்ணைத் திறந்தேன். அவள் முகம் போன போக்கை வைத்தே என் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. "மச்சான், இன்னா பண்ணுது, சொல்லுங்க மச்சான்" என்றாள். ஒன்றுமில்லை, பயப்படாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"சரி சார், பாத்துக்கிறேன்" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு. ஸ்ட்ரெச்சர், தலைக்கு ஸ்கேன், கையில் ஊசி, நெஞ்சில் ஒட்டிய வயர்கள். ஒரு இளம் டாக்டரம்மா டார்ச் அடித்து கண்ணைப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? கரெக்டா சொல்லுங்க" என்றார். ரஹ்மத்துக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், வாய் இல்லை. தண்டபாணி தன் போனை எடுத்துப் பார்த்தான்.

"ஒன்னு முப்பத்தஞ்சுக்கு போன் போட்டேன் டாக்டர். அப்ப நல்லாத்தான் பேசுனாரு. அஞ்சு பத்து நிமிஷத்துல வார்த்த ஒட்ட ஆரம்பிச்சிடுச்சி. நான் சிக்னலுன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

டாக்டரம்மா ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் படம் போட்டு ரஹ்மத்துக்கு விளக்கினார். மூளையின் இடது பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. வாய்க்காலில் மண் சரிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது அல்லவா, அதுபோல அந்தப் பக்கத்து மூளைக்கு ரத்தம் போகவில்லை. அங்கேதான் பேச்சும் வலது கை காலும் இருக்கின்றன. அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு, ஆனால் ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு மேல் போட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். அப்போது மணி ஏழே கால்.

"மூணு மணிக்கு கூட்டி வந்திருந்தா?" என்று ரஹ்மத் கேட்டாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "போட்டிருப்போம்மா" என்றார்.

வராண்டாவில் அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. "தூங்கட்டும்னு விட்டேனே! போன ஒளிச்சி வச்சி தூங்க வச்சேனே, பாவி!" நோவு தூக்கம் மாதிரி வேஷம் போட்டு வந்தால் அவள் என்ன செய்வாள்? தப்பு அவள்மேல் இல்லை. அவள் உள்ளே வந்து என் காலைப் பிடித்துக்கொண்டபோது அதைச் சொல்லிவிட உயிரைக் கொடுத்து முயற்சி செய்தேன். உன் தப்பு இல்ல, மூன்றே வார்த்தை. வந்தது அதே பழைய மூன்று வார்த்தையில் இரண்டு. "சரி சார்." அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

இந்த நோய்க்கு அஃபேசியா என்று பேர். பேச்சு இழப்பு. மற்றவர் சொல்வது புரியும், நாம் சொல்ல நினைப்பதும் தெரியும், வார்த்தை மட்டும் கைக்கு வராது. ஆனால் ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த சில சொற்கள் மட்டும் தப்பித்துக்கொள்ளுமாம். சிலருக்கு எண்கள் வரும், சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் வரும், சிலருக்கு சாமி பேர் வரும் என்றார் டாக்டரம்மா. எனக்கு இது மிச்சமாகியிருந்தது.

பதினெட்டு நாள் வார்டில் இருந்தேன். விழுங்கினால் புரையேறும் என்பதால் முதல் ஒரு வாரம் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி. நர்ஸ் வந்து "பேர் என்னங்க?" என்றால் "சரி சார்." "வலி இருக்கா?" "பாத்துக்கிறேன்." "நான் சார் இல்லங்க, சிஸ்டரு" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தது. வார்டு கூட்டுகிற முருகேசனுக்கு மட்டும் பரம சந்தோஷம். துடைப்பத்தோடு என் கட்டில் பக்கம் வந்து, "பாய், நகுந்து படுக்கறீங்களா?" என்பார். "சரி சார்" என்பேன். "இந்த ஆஸ்பத்திரியிலயே எனக்கு மரியாத குடுக்கறது பாய் ஒருத்தருதான்யா" என்று எல்லாக் கட்டிலுக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போவார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஒரு பக்க வாய்தான் போகும், மறு பக்கத்தில் எச்சில் ஒழுகும், ரஹ்மத் முந்தானையால் துடைப்பாள்.

நாலாம் நாள் மேனேஜர் பார்க்க வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, கட்டில் ஓரமாக உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, பழைய பம்புக்கான சீல் எந்த அலமாரியில் இருக்கிறது, தண்டபாணி தேடிக்கொண்டே இருக்கிறான் என்றார்.

"சரி சார், பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. ரஹ்மத்தைப் பார்த்து, "பாத்தீங்களாம்மா? இந்த நெலமையிலயும் வேல ஞாபகம்தான். இந்த மாதிரி ஆள் கெடைக்கறது கஷ்டம்மா" என்றார்.

ரஹ்மத் பெரியவர்களிடம் குரல் உயர்த்தாதவள். அன்றைக்கும் உயர்த்தவில்லை. "அவரு பேசல சார். அது தானா வருது. எங்கிட்டயும் அதத்தான் சொல்றாரு. புள்ளைகிட்டயும் அதத்தான் சொல்றாரு. அவருகிட்ட வேற எதுவும் இல்ல சார்" என்றாள். மேனேஜர் என் கையை மெதுவாக விட்டுவிட்டார். போகும்போது வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு, திரும்பி வந்து மாற்றிப் போனார்.

பிள்ளையிடமும் என்றாளே, அது நடந்தது அதற்கு முந்தின நாள். சுமையாவை அப்போதுதான் முதல் தடவையாக உள்ளே விட்டார்கள். பள்ளிக்கூட யூனிபார்மோடு வந்தாள். மூக்குக் குழாயைப் பார்த்து முதலில் பயந்தாள், பிறகு கிட்டே வந்து, "அத்தா, நான் யாரு? என் பேரச் சொல்லு" என்றாள். நான் வைத்த பேர் அது. அவள் பிறந்த அன்று இதே ஊரில் அவள் காதில் பாங்கு சொல்லி நான் கூப்பிட்ட பேர். உள்ளே வெளிச்சமாகத் தெரிகிறது, நாக்குக்கு வழி தெரியவில்லை. "சரி சார்" என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சொப்பு சாமானில் சொன்ன வசனம்தானே. அவள் சிரிக்கவில்லை. அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தேன். கை வராவிட்டால் போகட்டும், கால் இழுத்தால் இழுக்கட்டும், சொந்தமாக ஒரு வார்த்தை திரும்பி வர வேண்டும்.

ஆனால் நான் நிஜமாகவே பயந்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் போனபோதுதான். குகை மாதிரிக் குழாய்க்குள் படுக்க வைத்து அசையக் கூடாது என்றார்கள். டகடகடக என்று சத்தம் ஆரம்பித்தது. பேரிங் உடைந்த பம்ப் சத்தம் அது, எனக்கா தெரியாது? மூச்சு முட்டியது. இங்கேயே மௌத்தாகிவிடுவேன் என்று தோன்றியது. உயிர் போகிற நேரத்தில் நாவில் அல்லாவை ஏற்றுச் சொல்லும் கலிமா இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வாழ்நாள் துஆ. கலிமாவைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் குழாய்க்குள், யாருமில்லாத இடத்தில், அல்லாவிடம் "சரி சார், பாத்துக்கிறேன்" என்றேன். இன்னொரு தடவை முயன்றேன். அதேதான்.

அப்போது என் அம்மா ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் முன்பு அம்மா போன நேரத்தில் நான் வீட்டில்தான் இருந்தேன். ரஹ்மத் அம்மாவின் வாயில் ஜம்ஜம் தண்ணீர் விட்டு, காதில் கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சந்தில் போய் நின்று பேசிவிட்டுத் திரும்பினேன். ஏழெட்டு நிமிஷம் இருக்கும். அம்மா கடைசியாகக் கேட்ட என் குரல் சந்திலிருந்து வந்த குரல்தான். அதில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது உங்களுக்கே தெரியும்.

ஸ்கேனிலிருந்து வெளியே இழுத்தபோது அழுதுகொண்டிருந்தேன். டெக்னீஷியன், பயந்துவிட்டார் போல என்றார். ரஹ்மத் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, என்ன முயற்சி செய்தேன் என்று புரிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் போகும்போதே காதருகே குனிந்து, "நாக்குதான் மச்சான் போச்சி. உள்ள இருக்கற கல்பு போகல. அவனுக்குக் கேக்கும்" என்றாள். அந்த நாட்களில் எனக்குப் பசியாற்றியது அந்த ஒரு பேச்சுதான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரம்மாவிடம் ரஹ்மத் கேட்டாள். "போனாலதான் இப்பிடி ஆச்சா டாக்டர்?"

"போனாலன்னு நான் எழுத முடியாதும்மா. பிரஷர் இருக்கு, சுகர் பார்டர்ல இருக்கு, மாத்திரைய விட்டிருக்காரு. தூக்கம் கெட்டா பிரஷர் ஏறும், அது உண்ம. எல்லாம் சேந்து வருது" என்றார். நியாயமான பதில். டிஸ்சார்ஜ் காகிதத்தில் பிரஷர் என்றுதான் இருக்கிறது.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போனோம். கற்றுக்கொடுத்த அம்மா கண்டிப்பானவர், வாத்தியார் மாதிரி. முதல் வாரமே ரஹ்மத்திடம் ஒரு வேலை சொன்னார். "அவர் நல்லா இருந்தப்ப பேசின வாய்ஸ் மெசேஜ் எடுத்துட்டு வாங்க. வீட்டு ஆளுங்ககிட்ட பேசினது. அவர் குரலை அவரே கேட்டுக் கூடச் சொன்னா சீக்கிரம் பிடிச்சுக்குவார்."

அன்றைக்குச் சாயங்காலம் ரஹ்மத்தும் சுமையாவும் என் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கம்பெனி குரூப்பில் என் குரல் கொட்டிக் கிடந்தது. வால்வு, பம்ப், கேஸ்கெட் என்று நிமிஷக் கணக்கில் விலாவாரியாகப் பேசியிருக்கிறேன். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ரஹ்மத்துக்கு அனுப்பியதைத் தேடினார்கள். இருந்தது. எல்லாம் மூன்று விநாடி, நாலு விநாடி. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்கள்.

"லேட் ஆவும். நீங்க சாப்ட்டு படுங்க."

அடுத்தது. "லேட் ஆவும். நீங்க சாப்ட்டு படுங்க." அதற்கு அடுத்ததும் அதுவே. சுமையா பேருக்கு ஒன்றுமே இல்லை. தரையில் விரிசல் விட்டிருந்தால் உள்ளே போயிருப்பேன்.

வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போனோம். பயிற்சி அம்மா அதையே போட்டார். இடது கையால் மேஜையில் தாளம் தட்டித் தட்டி, என் குரலுக்குப் பின்னால் நானே ஓடினேன். ஐந்தாவது வாரம் அது வந்துவிட்டது. நோய்க்குப் பிறகு நானாக முயன்று பேசிய முதல் வாக்கியம் அதுதான். "லேட் ஆவும். நீங்க சாப்ட்டு படுங்க." பயிற்சி அம்மா கை தட்டினார். சுமையா தட்டவில்லை. "எனக்குப் புடிக்காத வார்த்தையே அதான் அத்தா" என்றாள்.

அதற்குப் பிறகு அவளே எனக்கு டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் இடது உள்ளங்கையை விரித்து மூன்று குத்து குத்துவாள். சு. மை. யா. நான் "சரி" என்பேன். தலையில் குட்டு விழும். சு. மை. யா. எழுபத்து மூன்றாம் நாள் காலை, இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் என் சட்டை மேல் சிந்திவிட்டாள். "சுமையா!" என்று அதட்டிவிட்டேன். முழுசாக வந்தது, அதட்டலோடு. அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு, "இன்னொரு தடவ திட்டு அத்தா" என்றாள். மூவரும் அழுதோம். இடியாப்பம் ஆறிப்போனது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தண்ணி. வலிக்குது. போதும். ஒரு நாள் ஃபஜர் தொழுகையில் கலிமா வந்தது, கொன்னலோடு. ஐந்தாம் மாதம் ரஹ்மத்திடம் "உன்... தப்பு... இல்ல" என்றேன். மெஷினை நிறுத்திவிட்டு, "தெரியும் மச்சான்" என்றாள். தெரியவில்லை அவளுக்கு. இப்போதும் அரிசி அளக்கும்போது டப்பாவுக்குள் கை விட்டால் ஒரு நொடி நின்றுவிடுகிறாள். நான் பகலில் கண்ணயர்ந்தால் வந்து உலுக்கி எழுப்பி, கையைத் தூக்கச் சொல்கிறாள், சிரிக்கச் சொல்கிறாள். என்னை நிம்மதியாகத் தூங்க வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள், இப்போது என்னைத் தூங்கவே விடுவதில்லை.

படிக்கப் பழக பயிற்சி அம்மா செய்தித்தாள் கொடுப்பார். அதில் ஒரு நாள் இருந்தது, சில நாடுகளில் வேலை நேரம் முடிந்த பிறகு ஆபீஸ் போனை எடுக்காமல் இருக்க ஆளுக்கு உரிமை உண்டு, சட்டமே போட்டிருக்கிறார்களாம். நம் நாட்டிலும் வேண்டும் என்று கேட்கிறார்களாம். அந்த ஒரு பத்தியைப் படித்து முடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆனது. 'உரிமை' என்ற வார்த்தையில் நாக்கு மாட்டிக்கொண்டது. ரஹ்மத் கேட்டுவிட்டு, "எடுக்காம இருக்கறதுக்குக் கூட சட்டமா?" என்றாள். பிறகு நூலைக் கோத்துக்கொண்டே, "இருந்திருந்தா மட்டும் நீங்க எடுக்காம இருந்திருப்பீங்களா மச்சான்?" என்றாள். எடுத்திருப்பேன். அதற்கு நோயைக் காரணம் சொல்ல முடியாது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தண்டபாணி வந்தான். பைக்கில் பலாப்பழம் கட்டி வந்தான். என் இடத்தில் இப்போது அவன்தான் சூப்பர்வைசர். ஆள் இளைத்திருந்தான், கண்ணுக்குக் கீழே கருப்பு. மத்தியானம் சாப்பாடு. சஹனில் சோறு போட்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் இடது கையில் ஸ்பூனோடு. நாலு வாய் வைத்திருப்பான்.

போன் அடித்தது. மூன்றாவது மணிக்குள் எடுத்துவிட்டான். "ஒரு நிமிஷம் பாய்" என்று எழுந்து, எச்சில் கையோடு வாசல் பக்கம் போய் நின்றான்.

"சொல்லுங்க சார்... ஆமா சார்... சரி சார், பாத்துக்கிறேன்."

என் குரல் அது. இறக்கம், ஏற்றம், கடைசி எழுத்தை விழுங்குவது எல்லாம் அப்படியே. அவன் போனை வைத்த உடனே மறுபடி அடித்தது. "டேய், பதறாத. போன பம்ப் மேல வையி" என்றான். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டான். காய்ந்துகொண்டிருந்த வலது கை காற்றில் நின்றது.

அடுப்படி வாசலில் ரஹ்மத் நின்றுகொண்டிருந்தாள். பழைய ரஹ்மத்தாக இருந்தால், "இங்க குடு தம்பி, மொதல்ல சாப்புடு" என்று போனைப் பிடுங்கி அரிசி டப்பாவில் போட்டிருப்பாள். அவள் கை முன்னால் வந்தது. நான் பார்த்தேன். பாதியில் நின்றது. பிறகு முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டது.

அவன் உள்ளே வந்து சட்டைப் பையில் போனை வைத்தான். "பாய், கௌம்பறேன். பம்ப் தகராறு பண்ணுது, நேர்ல போனாதான் ஆவும்."

எடுக்காதே. உட்கார். சாப்பிடு. எழுதி வை, எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுதிவிட்டு விடு, நான் எழுதவில்லை, நீயாவது எழுது. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து தொண்டையில் முட்டியது. அவசரப்பட்டால் எனக்கு வராது என்று பயிற்சி அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

"சரி சார்" என்றேன்.

தண்டபாணி சிரித்துவிட்டான். நான் அவனைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டான். "ஆமா பாய், இப்ப நான்தான் சாரு" என்று என் கையைத் தட்டிக்கொடுத்து, மெதுவாகச் சட்டையை விடுவித்துக்கொண்டு போனான். வலது கையைக் கழுவக்கூட இல்லை. பைக் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டது. சந்து முனையில் கியர் மாற்றியது. பிறகு மெயின் ரோட்டில் கலந்துவிட்டது.

சஹனில் அவன் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். அப்போது வந்தது. திக்காமல், கொன்னாமல், ஆஸ்பத்திரிக்கு முந்தைய குரலில் வந்தது.

"எடுக்காதடா தண்டபாணி."

சுமையா பலாச்சுளையோடு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவரு எப்பவோ போயிட்டாரே அத்தா" என்றாள்.